கோபம் மாறாத முகம்

பள்ளியில் காலணி வைக்கும் தன் பெட்டியை யாரோ திறந்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்ததும் சோஸ்கே சகாரா அதை வெடி வைத்துத் தகர்த்துவிடுகிறான். உள்ளே இருந்தது காதல் கடிதம். அந்தக் கணத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். நெரித்த புருவம் தளரவில்லை, வாய் சின்னக் கோடு, கன்னத்தில் சிலுவைத் தழும்பு. அவன் வேடிக்கை காட்டவில்லை. அவன் வளர்ந்த போர்க்களத்தில் யாரோ தொட்ட பெட்டி என்றால் குண்டுதான்.

ஷோஜி கட்டோவின் நாவல் வரிசையிலிருந்து வந்த அனிமே, 'ஃபுல் மெட்டல் பேனிக்!'. கனாமே சிடோரி என்ற மாணவியைக் காக்க, மித்ரில் என்னும் ரகசியப் படை தன் சிப்பாய்ப் பையன் சோஸ்கேயைச் சக மாணவனாக டோக்கியோவுக்கு அனுப்புகிறது. 2002இல் கோன்ஸோ ஸ்டூடியோ எடுத்த 24 பகுதிகளில் சிரிப்பும் போரும் எனக்கு ஒட்டவில்லை. பிறகு தொடர் கியோட்டோ அனிமேஷன் கைக்கு வந்தது. 2003இல் சிரிப்பு மட்டுமே உள்ள 'ஃபுமோஃபு', 2005இல் இருண்ட 'தி செகண்ட் ரெய்ட்'. இரண்டையும் இயக்கியவர் ஒருவரே, யசுஹிரோ டகேமோட்டோ. 2019இல் அந்த ஸ்டூடியோவுக்குத் தீ வைக்கப்பட்டபோது நாம் இழந்த 36 பேரில் அவரும் ஒருவர்.

இயந்திரங்களைச் சொல்லாமல் விட முடியாது. ஆர்ம் ஸ்லேவ் என்பது சுமார் 8 மீட்டர் உயர இரும்பு உடல். உள்ளே இருப்பவன் கையைக் கொஞ்சம் மடக்கினால் அது பலமடங்காக மடக்கும். ஆனால் சோஸ்கேயின் ஆர்ம் ஸ்லேவான ஆர்பலெஸ்டில் உள்ள லாம்டா டிரைவர் என்ற கருவி கையசைவுக்குக் கட்டுப்படாது. மனம் குவிந்தால்தான் வேலை செய்யும். அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆயுதம் என்றால் எப்போதும் ஒரேமாதிரி இயங்க வேண்டும் என்று நம்புகிறவன் அவன். மனசைத் திறந்து காட்டு என்று ஓர் ஆயுதம் கேட்டால் என்ன செய்வான்? ரோபோ கதைகளில் இதைவிட அழகான பொறியை நான் கண்டதில்லை.

'தி செகண்ட் ரெய்ட்'டில், கனாமேயை விட்டு விலகச் சொல்லி சோஸ்கேக்கு உத்தரவு வருகிறது. காவல் போனது தெரிந்தும் அவள் ஒடுங்கிக் கிடப்பதில்லை. தன்னைக் கொல்ல வந்தவளைத் தன் புத்தியாலேயே எதிர்கொள்கிறாள். உடைந்துபோவது அவன்தான். ஹாங்காங்கில், அவள் இறந்துவிட்டாள் என்று எதிரி சொன்ன பொய்யை நம்பித் தெருவில் சுருண்டு கிடக்கிறான். அப்போதும் டகேமோட்டோ அவனைக் கதறவிடவில்லை. அதே முகத்திலிருந்து உயிரை மட்டும் எடுத்துவிடுகிறார்.

கனாமே வந்து நிற்கிறாள். அணைத்துக்கொள்ளவில்லை, வெளுத்து வாங்குகிறாள். 'ஃபுமோஃபு'வில் காகித விசிறியால் அவனை அடித்த அதே கை. அங்கே வயிறு வலிக்கச் சிரித்த எனக்கு, இங்கே கண் கலங்கிவிட்டது.