முடிச்சூர்த் தண்ணீருக்கு யார் பிரீமியம் கட்டுவது?

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரே தெருவில் இரண்டு கார்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று டிஎன் 07, திருவான்மியூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவானது. மற்றது டிஎன் 72. வேலை மாற்றலாகி வந்தவர் திருநெல்வேலியிலிருந்து ஓட்டி வந்தது. மாடல் ஒன்று, வயதும் ஒன்று. அடையாறு கரை மீறினால் இரண்டிலும் ஒரே அளவுக்குத்தான் தண்ணீர் ஏறும். இன்சூரன்ஸ் கணக்கில் மட்டும் இவை இரண்டு வெவ்வேறு ஊர்க் கார்கள்.

2002-இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப், தனியார் கார்களுக்காக நாட்டை இரண்டாகப் பிரித்தது. அகமதாபாத், பெங்களூர், சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, டெல்லி, புனே ஆகிய எட்டும் 'ஏ' மண்டலம். மீதி இந்தியா மொத்தமும் 'பி'. மண்டலத்தை முடிவு செய்வது கார் ராத்திரியில் நிற்கும் இடமல்ல, பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட, 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு, அதன் மதிப்பில் (ஐடிவி) 'ஏ' மண்டலத்தில் 3.283 சதவீதம், 'பி' மண்டலத்தில் 3.191 சதவீதம். ஆறு லட்ச ரூபாய் காருக்குக் கணக்குப் போட்டால் 19,698 ரூபாய், 19,146 ரூபாய். வித்தியாசம் வருஷத்துக்கு 552 ரூபாய்தான்.

2007 ஜனவரி 1 முதல், சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்றானது. பழைய பட்டியலின் எலும்புக்கூடு அப்படியே இருக்க, அதன்மேல் தள்ளுபடிப் போட்டி நடக்கிறது. பட்டியல் விலையில் பாதிக்கும் மேல் குறைப்பது இன்று சாதாரணம். ஷோரூமில் போடும் பாலிசிக்கும் வெளியே நாலு இடத்தில் விசாரித்துப் போடும் பாலிசிக்கும் உள்ள இடைவெளி, இந்த மண்டல வித்தியாசத்தைச் சுலபமாக விழுங்கிவிடும். ஆகவே, சென்னை என்பதால் நம்மிடம் அதிகமாகப் பிடுங்குகிறார்கள் என்ற பேச்சில் சாரம் குறைவு. மண்டலப் பிரிவு அசட்டுத்தனமானது, சரி. பெரிய அநியாயம் என்று சொல்ல முடியாது.

அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் ஊர் பேதமே கிடையாது. 2022 ஜூன் 1 முதல் அமலான விலைப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. தாம்பரத்துக்கும் தென்காசிக்கும் ஒரே விலை. பத்து வருஷமாக ஒரு கீறல் போடாமல் ஓட்டும் ரிட்டயர்ட் ஆசிரியருக்கும், குடித்துவிட்டு ஓட்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பலமுறை பிடிபட்டவருக்கும் அதே விலை. நம் நாட்டில் இன்சூரன்ஸ் வண்டிக்குப் போடப்படுகிறது, ஓட்டுநருக்கு அல்ல.

இதற்கு ஒரு நியாயமும் உண்டு. தேர்ட் பார்ட்டி பாலிசி, அடிபட்டவரைக் காப்பாற்ற இருப்பது. விலையைக் கூட்டினால் மோசமான ஓட்டுநர்தான் முதலில் பாலிசி எடுக்காமல் விடுவார். அப்போது நஷ்டப்படுவது அவரிடம் அடிபட்டவர். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் புதுக் காருக்கு மூன்று வருஷம், பைக்குக்கு ஐந்து வருஷம் தேர்ட் பார்ட்டியைக் கட்டாயமாக்கியதும், வண்டிகள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடக் கூடாது என்பதற்காகத்தான். இருந்தாலும் அடிப்படை விலையை எல்லாருக்கும் ஒன்றாக வைத்துவிட்டு, குற்றத்துக்கு மட்டும் மேலே ஏற்றலாம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு 2021 ஜனவரியில் அதைத்தான் சொன்னது: போக்குவரத்து விதிமீறலுக்குப் புள்ளி போட்டுப் பிரீமியத்தில் சேர்க்கலாம், முதலில் டெல்லியில் சோதிக்கலாம் என்று. அது பரிந்துரையாகவே நின்றது. கேமரா பிடிப்பது நம்பர் பிளேட்டைத்தானே, ஓட்டியவர் மச்சானாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அபராதத்தை இன்றும் உரிமையாளர்தான் கட்டுகிறார். பிரீமியத்துக்கு மட்டும் அந்தக் கூச்சம் எதற்கு?

ஓட்டுநரைத் தரம்பிரிக்க நம்மிடம் இருக்கும் முக்கியமான கருவி நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம் வரை கழிவு. அதுவும் சொந்த சேதப் பகுதியில் மட்டும். நல்ல ஏற்பாடு போலத் தெரியும். ஆனால் அது எண்ணுவது க்ளெய்மை, தப்பை அல்ல. வாசலில் நிறுத்திய காருக்குள் ஏரித் தண்ணீர் புகுந்து நீங்கள் க்ளெய்ம் செய்தாலும் போனஸ் பூஜ்யத்துக்குப் போய்விடும். போனஸுக்கு முன் பத்தாயிரம் ரூபாய் பிரீமியம் என்று வையுங்கள். ஐந்தாயிரம் கட்டிவந்தவர் அடுத்த வருஷம் பத்தாயிரம் கட்டுவார். பிறகு எட்டாயிரம், ஏழாயிரத்து ஐந்நூறு என்று இறங்கி, பழைய இடத்துக்கு வருவதற்குள் கூடுதலாக 12,500 ரூபாய் போயிருக்கும். மண்டலத்தால் வந்த 552 ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றோடு ஆறாகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அதற்கு அடுத்த வருஷம் அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அவர்களில் பலரிடம் முழு பாலிசி இருந்திருக்கும். முழு பாலிசியில் வெள்ளம் உண்டு என்று எழுதியும் இருக்கும். பின்னே ஏன் மேம்பாலம்?

காரணம் பாலிசியின் விலக்குகளில் இருக்கிறது. வெள்ளம் உண்டு, ஆனால் அதன் தொடர்ச்சியாக வரும் நஷ்டமும் இயந்திரக் கோளாறும் கிடையாது. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது சிக்கிக்கொண்டால் தவறு உங்களுடையது என்பார்கள். செலவிலேயே பெரியது அந்த இன்ஜின்தான். அதற்குத் தனியாக இன்ஜின் புரொடெக்ட் எடுக்க வேண்டும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், பேட்டரி என்றால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதிக்கு, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப். போனஸைக் காப்பாற்ற இன்னொன்று. அடிப்படை விலையில் ஏரிக்கரைக்காரருக்கும் மேட்டுத்தெருக்காரருக்கும் பேதம் பெரிதில்லை. ஏரிக்கரைக்காரர் மட்டும் இந்தச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக வாங்கியாக வேண்டும். வட்டார வித்தியாசம் ஒளிந்திருப்பது இங்கேதான்.

அப்படியானால் வெளிப்படையாகவே பின்கோடு பார்த்து விலை வைக்கலாமே என்று கேட்பார்கள். ஆபத்துக்கு ஏற்ற விலை என்பது இன்சூரன்ஸின் முதல் பாடம், மறுக்கவில்லை. ஆனால் முடிச்சூர்க்காரருக்கு விலை ஏறினால் அவர் தேர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொள்வார். அடுத்த வெள்ளத்தில் அவர் கையில் ஒன்றும் இருக்காது. தண்ணீர் போகும் வழியில் மனைப் பிரிவுக்கு அனுமதி தந்ததும் அவரல்ல. கலிபோர்னியாவில் 1988-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 103-வது முன்மொழிவு இதில் ஒரு நல்ல வரிசையைப் போட்டது: முதலில் ஓட்டிய வரலாறு, அடுத்து ஓட்டும் தூரம், பிறகு அனுபவம், குடியிருக்கும் இடமெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஓட்டும் தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ற பாலிசிகளை இங்கே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் அனுமதித்தது. தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலைப் பிடிக்கும், காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் குடும்பங்களுக்கு அது பொருந்தும். ஆனால் அதுவும் கேட்டு வாங்க வேண்டிய கூடுதல் சேர்க்கைதான்.

என் தீர்ப்பு இது. மழையின் நஷ்டம் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங் பிடித்தவரின் குற்றம் அவரவர் பிரீமியத்தில் ஏற வேண்டும். இன்றைய ஏற்பாடு இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறது. அரசு அறிவித்த பேரிடரில் வரும் க்ளெய்ம், போனஸைத் தொடக் கூடாது. வெள்ளத்தில் போன இன்ஜின் அடிப்படைப் பாலிசிக்குள் வர வேண்டும். அதனால் எல்லாருக்கும் கொஞ்சம் விலை ஏறும். ஊட்டியில் கார் வைத்திருப்பவர் முடிச்சூர்த் தண்ணீருக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்பார். அவருக்கான பதில் வெள்ளத்தைச் சொல்லும் அதே பாலிசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது: மண்சரிவு, பாறைச்சரிவு, உறைபனி. இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் தாம்பரத்துக்காரர் வருஷா வருஷம் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறார்.