எளிய நூலில் விடுபட்ட ஒரு படி

நுண்கணிதம் பயிலத் தொடங்கும் மாணவர்க்கு நூறாண்டுகளுக்கு மேலாகப் பரிந்துரைக்கப்பட்டு வரும் நூல் 'கால்குலஸ் மேட் ஈசி' என்பது. அதனை இயற்றிய சில்வானஸ் தாம்சன், இலண்டன் பின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய இயற்பியல் அறிஞர். 1910ஆம் ஆண்டில் நூல் முதன்முதல் வெளிவந்தபோது அவர் தம் பெயரை வெளியிட்டாரல்லர். 1998இல் மார்ட்டின் கார்ட்னர் அதனைத் திருத்தி, சார்பு, எல்லை, வகைக்கெழு ஆகியவை பற்றி மூன்று இயல்களை முன்னே சேர்த்துப் புதுப்பதிப்பாக்கினார். இத்துணைக் காலம் வாழ்ந்த நூலில் குறை காண்பது துணிச்சல் என்று கருதுவோர் இருக்கலாம். எனினும், தாம்சன் எழுதிய ஒரு படியைப் பற்றி ஆசிரியர்கள் நின்று சிந்திக்க வேண்டும் என்பது நம் கருத்து.

முதலில் நூலின் நலத்தைக் கூறிவிடுவோம். 'டி' என்னும் குறி 'ஒரு சிறு துண்டு' என்பதே. நீண்ட 'எஸ்' போன்ற குறி, அச்சிறு துண்டுகளின் கூட்டுத்தொகை என்பதே. இவ்வாறு முதல் இயலிலேயே கூறி மாணவனின் அச்சத்தைப் போக்குகிறார் தாம்சன். மணியை நோக்க நிமிடம் சிறிது, நிமிடத்தை நோக்க நொடி சிறிது என்று அன்றாட வாழ்விலிருந்தே சான்று தருகிறார். ஒரு சதுரத்தின் பக்கம் சிறிது வளர்ந்தால் இரண்டு மெல்லிய பட்டைகளும் மூலையில் ஒரு குட்டிச் சதுரமும் கூடும். அந்தக் குட்டிச் சதுரத்தை விட்டுவிடலாம் என்று படம் வரைந்து காட்டுகிறார். கற்பிக்கும் கலை அறிந்தவர் செய்யும் செயல் இது.

ஆனால், சைன், கோசைன் பற்றிய இயலுக்கு வரும்போது இந்தக் கவனம் தளர்கிறது. கோணம் ஒரு சிறு துண்டு வளர்ந்தால் அதன் சைன் எவ்வளவு மாறும் என்பது வினா. இரு சைன்களின் வேறுபாட்டை முக்கோணவியல் வாய்பாட்டால் பெருக்கலாக மாற்றுகிறார். நடுக்கோணத்தின் கோசைனையும், சிறு துண்டில் பாதியின் சைனையும் பெருக்கி இருமடங்காக்கினால் அவ்வேறுபாடு கிடைக்கும். இதுவரை குற்றமில்லை. உடனே, பாதித் துண்டின் சைனைப் பாதித் துண்டாகவே கொள்ளலாம் என்கிறார். விடை கோசைன் என்று வந்துவிடுகிறது. ஏன் அவ்வாறு கொள்ளலாம்? அந்தப் படியில் காரணம் இல்லை. இயலின் உயிர்நிலையே அதுதான்.

ஆறாம் படிவத்தில் பயிலும் நம் பழைய மாணவி ஒருத்தி இதே இடத்தில் இடறி விடுமுறையில் வந்தாள். "ஐயா, கால்குலேட்டரில் 1 என்று அழுத்திச் சைன் கண்டால் 0.01745 வருகிறது. 0.1 என்று அழுத்தினால் 0.001745 வருகிறது. கோணத்தை எவ்வளவு சிறிதாக்கினாலும் சைன் அதற்குச் சமமாகவில்லையே!" என்றாள். கருவி பாகைக் கணக்கில் இருந்தது. அதனை ரேடியனுக்கு மாற்றச் சொன்னோம். 0.1க்கு 0.09983 வந்தது, 0.01க்கு 0.0099998 வந்தது. சைனின் வகைக்கெழு கோசைன் என்று எழுதி ஓராண்டாக முழு மதிப்பெண் பெற்று வந்தவள் அவள். கோணத்தைப் பாகையில் அளந்தால் அவ்விடை பொருந்தாது, கோசைனை 0.01745ஆல் பெருக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தாள்.

பிழை அவளுடையதன்று, பாடங்கள் அமைந்துள்ள முறையினுடையது. எஸ். எல். லோனியின் முக்கோணவியல் நூலை எடுத்துக்கொள்வோம். 1893இல் வெளிவந்த அந்நூலைக் கும்பகோணத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்த இராமானுஜன் கற்றுத் தேர்ந்தார் என்பது பலரும் அறிந்தது. அதில் ரேடியன் தொடக்கத்திலேயே வருகிறது. மிகச் சிறு கோணங்களைப் பற்றிய பகுதியோ வெகுதூரம் தள்ளி வருகிறது. இடையில் உள்ளவை பெரும்பாலும் பாகையில் செய்யும் கணக்குகள். இராமானுஜன் போன்ற மேதை இரண்டையும் தாமே இணைத்துக்கொள்வார். ஏனைய மாணவர் என் செய்வர்? காரணம் நுண்கணிதத்தில் வரும் என்று முக்கோணவியல் ஆசிரியர் விட்டுவிடுகிறார். முக்கோணவியலில் வந்திருக்கும் என்று நுண்கணித ஆசிரியர் விட்டுவிடுகிறார். இருவருக்கும் நடுவே மாணவன் மனப்பாடத்தைப் பற்றிக்கொள்கிறான்.

இவ்விணைப்பு புதிய கண்டுபிடிப்பும் அன்று. கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த ஆரியபட்டீயத்தை நோக்குக. பாகையில் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்பர். வட்டச் சுற்று 21,600 கலை. ஆரியபட்டரின் சைன் அட்டவணையில் ஆரமும் கலையிலேயே அளக்கப்பட்டு 3,438 ஆகிறது. வில்லை அளந்த கோலாலேயே ஆரத்தையும் அளப்பதுதான் ரேடியனின் உட்கருத்து. அவ்வட்டவணையில் முதல் வில் 225 கலை; அதற்குரிய அரைநாணும் 225 கலை! வில் சிறிதானால் அரைநாணும் வில்லும் ஒன்றாகும் என்பது அங்கே எண்ணாகவே நிற்கிறது. சைனைக் குறிக்க அவர்கள் ஆண்ட 'ஜ்யா' என்ற வடசொல்லுக்கு நாண் என்பதே பொருள். வில், நாண் என்ற இரு சொற்களும் நம் வடிவியற் பாடத்தில் அன்றாடம் வழங்குபவை. அவற்றை வைத்துக்கொண்டே இந்தப் பாலத்தைக் கட்டலாம்.

ஆரம் ஒன்று அலகாக ஒரு வட்டம் வரைக. சிறு கோணம் ஒன்றுக்குரிய வில்லைக் குறித்து, உள்ளே அரைநாணையும் வெளியே தொடுகோட்டையும் இடுக. அரைநாண் வில்லினும் குறுகியது. தொடுகோடு வில்லினும் நீண்டது. ஆகவே, சைனைக் கோணத்தால் வகுத்த ஈவு, கோசைனுக்கும் ஒன்றுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்ளும். கோணம் குறையக் குறையக் கோசைன் ஒன்றை நெருங்கும். நடுவில் அகப்பட்ட ஈவும் ஒன்றையே நெருங்கியாக வேண்டும். இதற்குத் தேவை ஒரு படமும் ஐந்து நிமிடமும்தான்.

இவ்வாறெல்லாம் விளக்கினால் நூலின் எளிமை கெட்டுவிடும் என்பாரும் உளர். எளிமை வேறு, விழுங்குதல் வேறு. அரிய படியைச் சிறு படிகளாகப் பிரித்துத் தருவது எளிமை. அதனைச் சொல்லாமல் கடந்து செல்வது விழுங்குதல். தாம்சன் சதுரத்திற்குச் செய்ததை வட்டத்திற்கும் செய்திருந்தால் நாம் இக்கட்டுரை எழுத நேர்ந்திராது.

இது கல்லூரிக்காரர் வேலை என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒதுங்கவும் வேண்டா. ஒரு டின் மூடியையும் நூலையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆரத்தின் அளவுக்கு நூலை வெட்டி விளிம்பில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். ஆறு முறை வைத்த பின்னும் சிறிது இடம் எஞ்சும். அந்த ஒரு நூல் அடைக்கும் கோணம் ஏறத்தாழ 57 பாகை. அதுவே ஒரு ரேடியன். பெயரைச் சொல்லவும் தேவையில்லை. பின்னாளில் அப்பெயர் அவர்கள் காதில் விழும்போது, கை முன்பே அறிந்ததை அறிவு எளிதில் ஏற்றுக்கொள்ளும்.