பாதாளமும் சுடுகாடும்

கேமரன் மலையில் கியா பார்ம் சந்தையை ஒட்டியும் தேயிலைத் தோட்டங்களிலும் வளரும் தமிழ் மாணவர்க்கு ஜப்பானிய அனிமே புதிதன்று. கரிய உடையும் வெளிறிய முகமும் கொண்ட கோதிக் உருவைக் கைப்பேசியில் தமக்கு அடையாளமாக வைத்து, அதற்குக் கிரேக்கப் பாதாளத் தெய்வத்தின் பெயரைச் சூட்டும் இளைஞரும் உளர். இதனைப் 'பேய்க்கோலம்' என்று கடிந்து ஒதுக்குதல் எளிது. ஒதுக்குமுன் அக்கோலத்தின் வழிமூலத்தை ஆராய்தல் ஆசிரியர் கடமையாகும்.

கோதிக் புனைகதை, 1764-ல் வெளிவந்த ஓரஸ் வால்போலின் 'ஒட்ராண்டோ கோட்டை' என்னும் ஆங்கில நாவலிலிருந்து தொடங்குகின்றது என்பர். பாதாளக் கதையோ அதனினும் மிகப் பழையது. கிரேக்கப் புராணத்தில் பெர்செபொனி மாதுளை விதையை உண்டதனால் ஆண்டில் ஒரு பகுதியைக் கீழுலகிற் கழிக்க நேர்ந்தது. ஆர்பியூஸ், திரும்பிப் பாராதே என்ற கட்டளையை மீறி, மீட்டு வந்த மனைவியை இழந்தான். 712-ல் தொகுக்கப்பெற்ற ஜப்பானியரின் 'கோஜிக்கி' நூலிலும் இவ்விரண்டும் உள. இசானமி யோமி உலகின் உணவை உண்டாள். இசானகி பார்க்கலாகாததைப் பார்த்தான். மியாசாகியின் 2001-ஆம் ஆண்டுப் படமான 'ஸ்பிரிட்டட் அவே'யிலும் அவ்வுலக உணவு பெற்றோரைப் பன்றியாக்குகின்றது. சிறுமி திரும்பிப் பாராமல் மீள்கின்றாள். ஆகவே, ஜப்பானியக் கலைஞர் கிரேக்கரிடம் சென்றது முற்றும் அயலாரிடம் சென்றதாகாது. தம் வீட்டுக் கதையின் சாயலை அங்குக் கண்டனர் எனலாம்.

எனினும் குறை இல்லாமல் இல்லை. மசாமி குருமாடாவின் 'செயிண்ட் செய்யா' தொடரில் ஹேடிஸ் உலகை அழிக்க முனையும் பகைவனாக வருகின்றான். கிரேக்கர் கண்ட ஹேடிஸ் கொடியவன் அல்லன். இறந்தோரை ஆளும் கடுமையான அரசன். நம் முன்னோர் எமனைத் தருமன் என்று வழங்கியதும் இத்தகைய நோக்கே. இறப்பைத் தீமையின் உருவாக்கிவிட்டால் அதனை வெல்லும் வீரன் கிடைப்பான். அதனைப் பற்றிய சிந்தனை கிடைக்காது.

அச்சிந்தனை தமிழில் எவ்வாறு அமைந்தது? மணிமேகலையின் ஆறாம் காதையான சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை விடை தருகின்றது. சார்ங்கலன் என்னும் இளைஞன் சுடுகாட்டில் ஆடும் பேயைக் கண்டு அஞ்சி ஓடித் தாயிடம் வந்து உயிர்விட்டான். தாய் கோதமை தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தருமாறு சம்பாபதியை வேண்டினாள். அஃது எத்தெய்வத்தாலும் இயலாது என்பதே அவள் பெற்ற விடை. ஆர்பியூசுக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பும் கோதமைக்குக் கிடைத்திலது. மேலும், கிரேக்கர் பாதாளம் ஆற்றுக்கு அப்பால் உள்ளது. சாத்தனார் காட்டும் சுடுகாடோ ஊரின் மதிற்கு அருகில் உள்ளது. முன்னதை அடையப் படகு வேண்டும். பின்னதை அடையச் சில அடிகளே போதும். இவ்வேறுபாட்டை உணர்த்துவதே ஒப்பியல் ஆராய்ச்சியின் பயன்.

கரிய கோலத்தைத் தானே விரும்பி ஏற்றவரும் நம் மரபில் உளர். கணவன் பிரிந்தபின் காரைக்கால் அம்மையார் அழகிய உடலை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்றார்; திருவாலங்காட்டுப் பேய்மகளிரைப் பாடினார். அவர் கோலம் அச்சுறுத்துவதற்கு அன்று. பிறர் விரும்பிய வடிவிலிருந்து விடுபடுவதற்கு. இன்றைய இளைஞர் கோலத்திலும் அவ்விடுதலை வேட்கை சிறிது உண்டோ என்று வினவுதல் வேண்டும். ஆயின் அம்மையார் கோலத்தின்பின் ஒரு வாழ்வும் பாடலும் நின்றன. படத்தை மாற்றுவோர்க்கு அத்தகைய விலை இல்லை.

'எல்லாம் நம்மிடம் உண்டு' என்று பெருமை பேசினால் மாணவர் மயங்கார். ஹேடிசை அறிந்து வரும் மாணவனிடம் கோதமையின் கதையைக் கூறி, இருவேறு விடைகளையும் எடைபோடச் செய்யும் ஆசிரியர் அவனை மணிமேகலையின் வாயிலிற் கொண்டு நிறுத்தியவர் ஆவார். அவ்வாறன்றிக் கடிந்து அனுப்பினால், பாதாளம் அவனிடம் இருக்கும். மணிமேகலை அலமாரியில் இருக்கும்.