ராம நாராயணனின் மிருகங்கள்

ஒன்பது மொழிகளில் 125 படங்களுக்கு மேல் இயக்கி 2014-இல் காலமான ஒருவரைப் பற்றி நம் வட்டாரத்தில் இருக்கும் விமர்சனம் ஒரு முகச்சுளிப்புதான் என்றால், குறை நம்முடையது.

வழக்கமாகச் சொல்லப்படுவது இது: 1981-இல் ஏவிஎம்முக்காகத் தெலுங்கிலிருந்து 'சிவப்பு மல்லி'யை எடுத்த ராம நாராயணன், பிறகு குரங்கு, பாம்பு, அம்மன் என்று சரிந்துவிட்டார். எனக்கு இதில் சம்மதமில்லை. 'சிவப்பு மல்லி'யில் உழைப்பவன் பறிகொடுக்கிறான். செங்கொடி வந்து கேட்கிறது. 1990-இல் 'துர்கா', சிறுமிக்கு ஆபத்து, குரங்கும் நாயும் வந்து கேட்கின்றன. 2000-இல் 'பாளையத்து அம்மன்'. குழந்தை கோயில் உண்டியலில் விழ, விழுந்தது தெய்வத்தின் சொத்து என்றாகிறது. மீனாவின் உருவில் அம்மனே வருகிறாள். பறிகொடுப்பது மாறவில்லை. வந்து கேட்பவர்தான் மாறுகிறார். அந்த இருபது வருஷங்களில் பார்வையாளர்களால் எதை நம்ப முடிந்தது என்பதன் பதிவு இது.

நாகல் நகரில் எங்கள் தெருப் பெண்கள் 'பாளையத்து அம்மன்' பார்க்கக் கூட்டமாகப் போனபோது நானும் போனேன். எனக்குப் பத்து வயது. அன்று அவர்கள் அழுதது பொய்யில்லை. படத்தின் பொய் வேறிடத்தில் இருக்கிறது.

அது எங்கே என்று பார்க்க, ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை'யை (1977) பக்கத்தில் வைக்கலாம். அதுவும் சிக்கனமாக எடுத்த படம்; அதிலும் மையம் ஒரு மிருகம். ஆனால் ஜானின் கழுதை எதுவும் செய்வதில்லை. அது சும்மா நிற்பதாலேயே சுற்றியுள்ள மனிதர்களின் குரூரம் நமக்குத் தெரிகிறது. ராம நாராயணனின் மிருகம் எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. மனிதர்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. இன்னொன்றும் உண்டு. கழுதையைக் கொன்ற அக்ரகாரமே பிறகு அதன் பேரில் அற்புதங்களைக் கண்டு கோயில் கட்ட நினைக்கிறது. ராம நாராயணனின் படம் அந்தக் கோயிலில் ஆரம்பிக்கிறது. கொலையை அது பார்ப்பதில்லை.

பணமில்லாததை இதற்குக் காரணமாக ஏற்க முடியாது. பெரிய நட்சத்திரத்தின் கால்ஷீட்டுக்குக் காத்திராமல், குழந்தையையும் குரங்கையும் வைத்துப் படத்தை முடித்த துணிச்சல் மரியாதைக்குரியது. ஆனால் பறிகொடுத்தவளின் முகத்தில் காமிரா கொஞ்ச நேரம் தங்க செலவு ஏதுமில்லை. அவர் தங்கவில்லை. அடுத்த ஷாட்டில் பாம்பு வந்துவிடுகிறது.

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். போன மாதம் தவணை தாண்டி ஏலத்தில் போன ஒரு சங்கிலியைப் பற்றிக் கேட்க ஓர் அம்மாள் வந்தார். பதிவேட்டைக் காட்டினேன். "அம்மன் பாத்துக்குவா தம்பி" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பாம்பு வரவில்லை. அவர் பின்னால் வரிசை இருந்தது; அடுத்த டோக்கனை நான் கூப்பிட்டேன்.

ராம நாராயணன் விட்டுவிட்ட ஷாட் அதுதான். நானும் விட்டேன். அவரைக் கேலி செய்யும் நாம் எத்தனை பேர் அதை எழுதியிருக்கிறோம்?