பூட்டுப் போடும் நேர்த்தி

காலை 11 மணி. உசிலம்பட்டியில் ஒருவர் தட்கலில் ஸ்லீப்பர் டிக்கெட் எடுக்கிறார். அதே நொடியில் நாடு முழுக்க ஏகப்பட்ட பேர். சர்வரில் பல செயலிகள் (processors) ஒன்றாக ஓடுகின்றன. மீதி ஒரே ஒரு படுக்கை. இரண்டு செயலிகள் ஒரே கணத்தில் ‘1’ என்று படித்து, இரண்டும் ‘0’ என்று எழுதிவிட்டால் ஒரு படுக்கைக்கு இரண்டு டிக்கெட்! ஆகவே, படிக்கும் முன்பே ஒரு பூட்டு; போட்ட செயலி திறக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். எல்லா ரயிலுக்கும் சேர்த்து ஒரே பூட்டென்றால், 32 செயலிகள் இருந்தும் 31 காத்துக் கிடக்கும். ரயில்வாரியாக, தேதிவாரியாகப் பூட்டைச் சிறிதாக்கி, வேலை முடிந்ததும் சட்டென்று திறந்துவிடுகிறார் நல்ல நிரலாளர். அந்த நேர்த்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு பூட்டு தேவைப்பட்டால் எல்லாச் செயலிகளும் ஒரே வரிசையில் பூட்ட வேண்டும். இரண்டு செயலிகள் வரிசையை மாற்றிப் பூட்டினால், ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டும் நின்றுவிடலாம்.