பரபக்கம் கேளாத இரசிகர்

பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையருகே முற்றுப்பெறாத மாளிகையொன்று நிற்கிறது. ஸ்காத்லாந்திலிருந்து வந்து கிந்தாப் பள்ளத்தாக்கில் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித் என்பார் எழுப்பத் தொடங்கிய மாளிகை அது. 1926-ஆம் ஆண்டில் அவர் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை குறையாகவே நின்றுவிட்டது. அதற்குச் சிறிது தொலைவில் மாரியம்மன் கோயிலொன்று உண்டு. மாளிகை வேலைக்கு வந்த தமிழர் பலர் கொள்ளை நோய்க்கு இரையானபோது, எஞ்சியோர் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் அக்கோயிலை அமைத்துக் கொடுத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. கோயில் முகட்டிலே தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளைக்காரர் உடை தரித்த உருவமொன்றும் இருக்கிறது. அது அந்த முதலாளியே என்பர்.

இவ்வுருவைக் காணும் தமிழர் இருவர் இரு வேறு முடிவுக்கு வரலாம். உற்ற வேளையில் கைகொடுத்தவனைத் தெய்வத்தின் பக்கத்தில் நிறுத்திய நன்றி இது என்பார் ஒருவர். கூலியாய்க் கொண்டுவந்தவனையே கும்பிட வைத்த அடிமை வாழ்வின் சின்னம் இது என்பார் மற்றவர். இரண்டிலும் உண்மை உண்டு. இவ்விருவரும் பேசத் தொடங்கினால் அப்பேச்சு எங்கே போய் முடியும் என்பதே கேள்வி. ஒருவர் கண்ட உண்மை மற்றவருக்கும் புலனாகி முடியலாம். அன்றி, ‘துரோகி’, ‘அடிவருடி’ என்னும் இரண்டு சொற்களோடு முறியவும் செய்யலாம். கலைப் படைப்புக்களைப் பற்றி இன்றைய இரசிகர் கூட்டங்கள் நடத்தும் வாதங்கள் பெரும்பாலும் இரண்டாம் வழியிலேயே செல்கின்றன.

இதற்கு எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. 2015-ஆம் ஆண்டில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ என்னும் மலேசியத் தமிழ்ப்படம் வெளிவந்தது. 2016 ஜூலையில் பா. இரஞ்சித் இயக்கத்தில் இரஜினிகாந்த் நடித்த ‘கபாலி’ வெளிவந்தது. இரண்டும் ஒரே வரலாற்றை அடிப்படையாகக் கொண்டவை. இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டும் மறைந்தபோது, லயங்களை விட்டுப் பட்டணத்து ஓரங்களில் ஒதுங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் என்னவானார்கள் என்பதே அவ்வரலாறு. கிந்தாப் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பிறர் கதையன்று. தாத்தா பால்மரம் வெட்டினார், பேரன் தொழிற்சாலைக்குப் போகிறான் என்று வீட்டிலேயே சொல்லக் கூடிய கதை.

தன் கதை திரையில் வரும்பொழுது அதைப் பற்றிய கருத்து வெறும் பொழுதுபோக்காய் இருப்பதில்லை. அதனாலேயே வாதம் சூடேறியது. இரஜினிகாந்தின் வழக்கமான வீரத்தை எதிர்பார்த்துச் சென்றவர்கள் ‘கபாலி’யின் மெதுநடையைக் குறை கூறினர். மலேசியத் தமிழரின் பேச்சு அதில் சரியாக ஒலிக்கவில்லை என்றனர் சிலர். குண்டர் கும்பல் வாழ்வுக்கு மேலும் மெருகேற்றுவதா என்று கேட்டனர் வேறு சிலர். இவை அனைத்தும் விடையிறுக்கத் தக்க வினாக்களே. ஆனால் கிடைத்த விடைகளோ பல வேளைகளில் வினாவைத் தொடவேயில்லை. கேட்டவரின் பிறப்பையும் தொழிலையும் குடும்பத்துப் பெண்டிரையும் தொட்டன. ‘ஜகாட்’ வெறுமையும் இருளும் மிக்கது என்று சொன்னவர் உள்ளூர்க் கலைக்குப் பகைவர் ஆனார். ‘கபாலி’ பிடித்தது என்று சொன்னவர் நடிகருக்கு அடிமை ஆனார். கருத்துக்கு விடை சொல்வது போய், கருத்துடையவனுக்கு விடை கொடுத்து அனுப்புவதே வாதம் என்றாயிற்று.

இது கைப்பேசிக் காலத்தின் நோய் என்று கூறுவாருளர். அது முழு உண்மையன்று. தியாகராஜ பாகவதரா, பி. யூ. சின்னப்பாவா என்று 1940-களிலும், எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று அதன் பின்னரும் தமிழ் இரசிகர் பிளவுபட்டுத்தான் நின்றனர். கைப்பேசி செய்த மாறுதல் ஒன்றே: அது முகத்தை மறைத்தது. நேரில் கண்டால் ‘அண்ணே’ என்று அழைத்து, பக்கத்தில் அமர்ந்து தேநீர் அருந்தும் இளைஞன், முகம் தெரியாத இடத்தில் அதே மனிதரை ஒருமையில் விளிக்கத் துணிகிறான். முறைப்பெயர் போனதும் அதைத் தொடர்ந்து முறையும் போய்விடுகிறது.

மாறுபட்ட கருத்தை எவ்வாறு கூறுவது என்பதைத் தமிழர் பிறரிடம் கற்க வேண்டிய நிலையில் இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில் இந்திரவிழாவை அறிவிக்கும் முரசறைவோன், பந்தலிடுக, தோரணம் கட்டுக என்று கூறுவதோடு நில்லாமல், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுக என்றும் கூறுகிறான். அடுத்து அவன் கூறுவது மிகவும் கருதத் தக்கது: தம்மோடு ஒவ்வாத பகைவரிடத்தும் சினமும் கலகமும் விளைக்காமல் விலகிச் செல்க என்கிறான். வாதத்தை அவன் தடுக்கவில்லை என்பதை நோக்குக. வாதத்துக்குத் தனி மண்டபமே இருந்தது. வாதத்துக்கு இடமும், கலகத்துக்கு விலக்கும் ஒரே அறிவிப்பில் அமைந்தன.

பின்வந்த நூல்கள் இம்முறையை மேலும் செப்பமாக்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு முன்னரே, உலகாயதம் முதலாகப் பதினான்கு பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் அவர் எடுத்துரைக்கிறார். ஒவ்வொரு கொள்கையையும் முதலில் அதன் வாயாலேயே பேசவைத்து, அதன் பின்னரே மறுக்கிறார். எதிரியின் கருத்தை எதிரி ஒப்பும்படி கூற இயலாதவனுக்கு அதை மறுக்கும் தகுதி இல்லை என்பதே இவ்வமைப்பின் உட்கருத்து.

இம்முறையால் விளைந்த பயன் ஒன்றும் உண்டு. பௌத்த நூலாகிய குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அதனை மறுக்க எழுந்தது சமண நூலாகிய நீலகேசி. குண்டலகேசியைப் பற்றி இன்று அறியக் கிடப்பவற்றுள் ஒரு பகுதி நீலகேசியும் அதன் உரையும் காத்துத் தந்தவையே. மறுக்க வந்த நூலே மறுக்கப்பட்ட நூலுக்குப் பெட்டகமாயிற்று. இன்றைய இரசிகர் வாதங்களிலிருந்து எதிரியின் கருத்தை நாளை ஒருவன் மீட்டெடுக்க முயன்றால், அவனுக்கு வசைச் சொற்களையன்றி வேறென்ன கிடைக்கும்?

பழந்தமிழ்ப் புலவர் எல்லாரும் மென்மையாகவே பேசினர் என்று எண்ணிவிடலாகாது. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்துச் சிவஞான முனிவர் எழுதிய நூலின் பெயரே ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்பது. பெயருக்கேற்ற வேகமும் அதில் உண்டு. எனினும் அச்சூறாவளி இலக்கண விதிகளின்மேல் வீசியது. கடுமை வேறு, இழிவு வேறு. கடுமை, கருத்தைச் சுடும். இழிவு, கருத்தை விட்டுவிட்டு மனிதனைச் சுடும்.

மரபு தவறிய இடங்களும் தமிழ் வரலாற்றில் உள்ளன. அவற்றுள் தலையாயது அருட்பா மருட்பாப் போர். இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867-இல் ‘திருவருட்பா’ என்னும் பெயரில் அச்சேறின. தேவார திருவாசகங்களுக்கு உரிய பெருமையை இவற்றுக்கு அளித்தல் தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தார். நூலின் தகுதி பற்றிய இவ்வினா 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. இருவரும் சிவபக்தர், இருவரும் தில்லைக் கூத்தனை வழிபட்டவர். 1874-இல் அடிகள் மறைந்தார். 1879-இல் நாவலர் மறைந்தார். போரோ மறையவில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து, கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும் பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர் பெற்ற வேதாசலனார் மறுபுறமுமாக அது மீண்டும் மூண்டது. மீண்டும் வழக்குமன்றம் ஏறியது. தலைவர்கள் போனபின்னும் போரைத் தொடர்வது அன்பர் கூட்டத்தின் இயல்பு. இரசிகர் சண்டைக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி தமிழில் இல்லை.

அப்போரில் கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லச் சென்றார். அதனால் பள்ளித் தேர்வு எழுத இயலாமற் போயிற்று. அம்மாணவரே திரு. வி. கலியாணசுந்தரனார். பின்னாளில் அவர் இராமலிங்க அடிகளின் உள்ளத்தைப் போற்றி ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்னும் நூலை எழுதினார். எந்தப் பக்கத்துக்கு எதிராகக் கூண்டேறினாரோ அந்தப் பக்கத்தின் பெருமையைப் பின்னர் உணர்ந்து எழுதுவது தோல்வியன்று, வளர்ச்சி. இன்று ஓர் இரசிகன், ‘அன்று நான் இகழ்ந்த படத்தை மறுபடி பார்த்தேன், நல்ல படந்தான்’ என்று கூறினால், பழைய வசைகளைத் தேடியெடுத்து அவன் முகத்தில் எறியவே இரு பக்கத்தாரும் காத்திருக்கின்றனர். மனம் மாறுவோனுக்கு இடம் தராத கூட்டத்தில் யார்தான் மனம் மாறுவார்?

நல்ல முன்மாதிரியும் அண்மை வரலாற்றில் உண்டு. கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்னும் கருத்துத் தமிழகத்தில் எழுந்த காலத்தில், 1943 பிப்ரவரி 9-இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் அறிஞர் அண்ணாவும் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளையும் ஒரே மேடையில் வாதிட்டனர். மார்ச் 14-இல் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அண்ணாவும் எதிரெதிரே நின்றனர். வாதப்பொருளோ தீ, ஆயினும் வாதம் தலைவர் ஒருவர் முன்னிலையில், அவைக்கு அடங்கி நடந்தது. பேச்சுக்கள் நூலாகவும் வெளிவந்தன. அண்ணா முதலமைச்சராக இருந்த 1968-இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் கம்பர் சிலையும் ஒன்று. காப்பியத்தின் கருத்தை மறுத்தவர் ஆட்சியில் கவிஞருக்குச் சிலை எழுந்தது. படைப்பை மறுப்பதும் படைத்தவனை மதிப்பதும் ஒரு நெஞ்சில் ஒருங்கே இருக்கக் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இம்மரபைக் கொண்டு மேற்சொன்ன இரு படங்களையும் நோக்கினால் என்ன புலப்படும்? முதலில் ‘கபாலி’யின் பரபக்கம். தோட்டத் தொழிலாளியின் மகனை, சமக் கூலி கேட்டவனை, புத்தகம் படிப்பவனை, கோட்டு அணிவதைத் தன் உரிமையாகக் கருதுபவனை, தமிழ்த்திரையின் மிகப் பெரும் நட்சத்திரம் தாங்கி நடித்தது சிறு செய்தியன்று. நாடெங்கும் உள்ள தமிழர்க்கு மலேசியத் தோட்டத்தான் என்றொருவன் உளன் என்பதை அது அறிவித்தது. இதை ஒப்பாமல் அப்படத்தைக் குறை கூறுவோர் படத்தைக் காணாதவரே. அடுத்து ‘ஜகாட்’டின் பரபக்கம். அப்போய் என்னும் சிறுவன், அவன் படிக்க வேண்டுமென்று கண்டிக்கும் தந்தை, கும்பலில் சேர்ந்த சிற்றப்பன் ஆகியோரைக் கொண்டு, ஒரு பிள்ளை வழிதவறுவது ஒரே நாளில் நிகழ்வதன்று என்பதை அது பொறுமையாகக் காட்டியது. இதை ஒப்பாமல் ‘இருள்’ என்று மட்டும் கூறுவோரும் படத்தைக் காணாதவரே.

இவ்வளவும் ஒப்பியபின் கூறும் குறைக்கு வலிமை உண்டு. ‘ஜகாட்’ துயரம் என்று காட்டும் அதே கும்பல் வாழ்வைக் ‘கபாலி’ வீரம் என்று காட்டுகிறது. தொழிலாளர் உரிமை என்று தொடங்கிய குரல் துப்பாக்கி ஓசையில் அமுங்கிவிடுகிறது. மலேசியாவில் திரையிட்ட படியின் முடிவில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் வாசகம் சேர்க்கப்பட்டது. கதை தானே சொல்லாத நீதியை ஒரு வாசகம் சொல்லிவிடாது. ‘ஜகாட்’டிலோ, அதே சூழலில் பிறந்து தேறி வந்தவர்களின் நிழல்கூட அழுத்தமாக விழவில்லை. இவ்விரு குறைகளையும் ஒரு மேசையில் வைத்துப் பேசினால், அடுத்து வரும் மலேசியத் தமிழ்ப்படம் எப்படி இருத்தல் வேண்டும் என்பது தானே புலப்படும். இரு படத்து இரசிகரும் உண்மையில் ஒரே கேள்வியையே கேட்கின்றனர்: எங்கள் பிள்ளைகள் ஏன் இப்படி ஆனார்கள்? ஒரே கேள்வியைக் கேட்போர் ஒருவரையொருவர் பகைவர் என்பது பேதைமை.

மரியாதை பேசினால் குறைகள் மூடி மறைக்கப்படும் என்று அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. பெரியோர் முன் பேசாதே என்று கூறிச் சிறியோர் வாயை அடைத்த வழக்கமும் தமிழரிடையே உண்டு. அதற்கும் மரியாதை என்றே பெயரிட்டனர். ஆயின் இங்கே கூறப்படுவது அதற்கு மறுதலை. வசைக்கு அஞ்சி முதலில் வாய் மூடுவோர் இளைஞரும் பெண்களும் புதிதாய் வந்தோருமே. உரத்த குரலுடையவன் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருப்பான். ஆகவே அவை ஒழுக்கம் என்பது எளியவனும் மறுத்துப் பேசுவதற்கு வேண்டிய காவல். 1929 டிசம்பரில் ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பெரியார் பேசியபோது, ஒப்பாதவர் பலர் இப்பள்ளத்தாக்கில் இருந்தனர். கேட்டபின் ஒப்பாமை எவருக்கும் உரிமை; கேளாமலே ஒப்பாமைதான் இழுக்கு.

மலேசியத் தமிழ்ப்படங்களுக்குக் காண்போர் தொகை சிறிது. அவற்றை ஆராய்ந்து கருத்துரைப்போர் தொகை அதனினும் சிறிது. உண்மையாய்க் குறை சொன்ன ஒருவர் வசை தாங்காமல் ஒதுங்கிவிட்டால், அவருக்குப் பதிலாக வர வேறொருவர் வரிசையில் நிற்கவில்லை. எஞ்சுவது புகழ்ச்சியே. புகழ்ச்சியை மட்டும் கேட்டு வளர்ந்த கலை எந்நாட்டிலும் இல்லை.

கோயில் முகட்டில் அந்த வெள்ளைக்காரர் உருவம் இன்றும் நிற்கிறது. அதனடியில் நின்று நன்றி என்பவரும் அடிமை என்பவரும் பேசட்டும். நன்றி என்பவர் அடிமை வாழ்வின் துயரை முதலில் கூறட்டும். அடிமை என்பவர் நோயில் மாண்டவர்களுக்காக எஞ்சியோர் கேட்ட கோயிலின் ஆறுதலை முதலில் கூறட்டும். அதன் பின்னர் இருவரும் எவ்வளவு கடுமையாக மறுத்தாலும் அம்மறுப்பால் எவர்க்கும் கேடு வாராது.