மடக்கு சைக்கிளுக்கு மெல்லிய பை போதுமா?

மடக்கு சைக்கிளைத் துணிப்பையில் போட்டு வெளியூர் எடுத்துட்டுப் போறது எப்படின்னு சொல்லித்தரும் கட்டுரைகளையும் வீடியோக்களையும் கொஞ்ச நாளாப் பார்த்துட்டு வர்றேன். பெரும்பாலும் ஒரே பாட்டுதான். பபிள் ராப்பை எடுத்து எல்லாத்தையும் சுத்து, இடைவெளியில் பழைய துணியைத் திணி, டயர்ல காத்தை இறக்கு. பையைக் கவசமா நினைச்சுச் சொல்லப்படும் யோசனைகள் இவை. சிக்கலே அந்த நினைப்புலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

ஜப்பானை எடுத்துக்கோங்க. அங்கே சைக்கிளைப் பைக்குள் கட்டி ரயிலில் போவதற்கு ‘ரின்கோ’ன்னு தனிப் பெயரே உண்டு. ஜேஆர் ரயில்களில் சைக்கிளை மடக்கியோ கழற்றியோ முழுசாப் பைக்குள் வைக்கணும்; சீட் மட்டும் வெளியே நீட்டிக்கிட்டிருந்தாலும் விட மாட்டாங்க. நீளம், அகலம், உயரம் மூணும் கூட்டி 250 செ.மீ., எடை 30 கிலோ வரை சரி. இதுக்காக விற்கிற பைகளில் பல மெல்லிய நைலான். சுருட்டினா தண்ணி பாட்டில் அளவுதான். பக்கத்தில் நிற்பவர் சட்டையில் செயின் கறை ஒட்டாமல், காலில் பெடல் குத்தாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. சைக்கிளுக்கு அடிபடாமல் காப்பது சொந்தக்காரரின் கை. ஏற்றுவதும் இறக்குவதும் அவரே என்பதால் இந்த ஏற்பாடு செல்லுபடியாகிறது.

விமானத்துல அந்தக் கை மாறிடுது. கன்வேயர் பெல்ட், மேலே வந்து விழும் பெட்டிகள், அவசரத்தில் இருக்கிற ஊழியர். ‘அப்போ மெத்தையைக் கூட்டு’ன்னு சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போமே. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970களில் வடிவமைத்த பிராம்ப்டனை மடக்கினால் ஏறக்குறைய 65 × 59 × 27 செ.மீ. கூட்டினா 151. சாதாரணப் பெட்டிக்குப் பல விமான நிறுவனங்கள் வைக்கும் எல்லை 158. ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் மெத்தை வைச்சாலே 6 செ.மீ. கூடிடும். கவசத்துக்கு நமக்குக் கிடைக்கிற மொத்த இடம் அவ்வளவுதான்!

அதனால கேள்வியை மாத்திக் கேட்கணும்: அடி விழுந்தால் எது வளையும்? பிராம்ப்டனின் மடிப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் செயின் போய் ஒளிஞ்சுக்கும். சீட்டை முழுசா இறக்கினால் சீட் தண்டே மடிப்பைப் பூட்டி வைக்கும். அதை உருவி எடுத்தா இடம் மிச்சமாகும், ஆனா மடிப்பு பைக்குள்ளேயே விரிய ஆரம்பிக்கும். வெளியே துருத்தி நிற்பவை சில உறுப்புகள்தான். முக்கியமா, இரண்டு கீல்களையும் இறுக்கும் கிளாம்ப்கள். அதில் ஒன்று வளைஞ்சாலும் போய் இறங்கிய ஊரில் வண்டியை விரித்துப் பூட்ட முடியாது. மாற்று உறுப்பு எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாமானும் இல்லை. இரண்டையும் கையாலேயே திருகிக் கழற்றி ஒரு சின்னப் பையில் போட்டுக்கலாம், ஐந்து நிமிட வேலை. பத்து மீட்டர் பபிள் ராப் சுற்றுவதை விட இது மேல்.

காத்தை இறக்குற விஷயமும் அப்படித்தான். பயணிகள் விமானத்தின் சரக்கறையிலும் காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது. அழுத்தமே இல்லாத வெட்டவெளியில் வைத்தாலும் டயருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் சுமை 15 பிஎஸ்ஐக்கும் கொஞ்சம் கம்மிதான். காத்துள்ள டயர் ரிம்முக்கு இலவச மெத்தை. விமான நிறுவனம் விதியாகவே கேட்டா இறக்கிடுங்க, வாதாட வேண்டாம். மத்தபடி எதுக்கு?

ஐகியாவின் டிம்பா பையில் போடுறவங்க ஒரு சுவாரசியமான வாதம் வைக்கிறாங்க: அது உள்ளே இருப்பது தெரிகிற பை, சைக்கிள்னு பார்த்ததும் ஊழியர் பதமாத் தூக்குவார் என்று. இருக்கலாம். ரொம்ப நம்பிக்கை மனிதர்கள்.

சரி, அப்போ கெட்டிப் பெட்டியே வாங்கிடலாமேன்னு கேட்பீங்க. அடி தாங்கும், மறுக்கலை. ஆனா விமானத்தை விட்டு இறங்கினதும் அதை எங்கே வைப்பது? அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலிருந்து வரும் பைக் ஃப்ரைடே இதுக்கு ஒரு விடை கண்டுபிடிச்சது. சைக்கிள் வந்த சூட்கேஸுக்கே சக்கரம் மாட்டி, பின்னால் இழுத்துட்டுப் போகிற டிரெய்லராக்கிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனா மலையேற்றத்துலயும் அந்த எடை கூடவே வரும். மெல்லிய பையைச் சுருட்டி ஹேண்டில்பாரில் கட்டிக்கலாம். ஒரு ஊரில் இறங்கி, மிதிச்சுக்கிட்டே போய், வேறொரு ஊரில் விமானம் ஏறலாம். பெட்டியை எடுக்கன்னு முதல் ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை.